பெரியப்பாவின் கொம்பியும் சவர்த் தண்ணீரும்

பெரியப்பா தமது கொம்பி வானை வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவுவார். கோணேசர் கோயிலுக்குப் புறப்படுவதற்கு முன்னர், விடியற்காலையில், கிணற்றடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளிவந்து கூரையில் ஊற்றி, சில்லுகளின் உட்பக்கம் வரை தேய்த்து, கடைசியில் பழைய வேட்டித் துணியால் துடைத்து வெயிலில் நிறுத்துவார். வாகனத்தை இப்படிப் பார்க்கும் ஆள் திருகோணமலையின் உப்புவெளியில் வேறு யாருமில்லை என்று ஊரே சொன்னது. அந்தக் கழுவல்தான் வானை உள்ளிருந்து தின்றது என்பது எங்களுக்குப் புரிவதற்கு நாற்பது ஆண்டுகள் சென்றன. கடலுக்கு முந்நூறு மீற்றர் தூரத்தில் இருக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர். ஊரின் பெயரிலேயே உப்பு இருந்தும் எவருக்கும் அது தோன்றவில்லை.

வான் 1969ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த வொக்ஸ்வகன். 1967 ஓகஸ்டில் வெளிவரத் தொடங்கிய இரண்டாம் தலைமுறை அது. முன்கண்ணாடி நடுவே பிளவின்றி ஒரே வளைந்த தகடாக இருக்கும், பக்கக் கதவு தள்ளித் திறப்பது. பின்பக்கம் படுத்த நிலையில் இருக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சின், 1,584 கனசென்ரிமீற்றர், 47 குதிரைவலு. தண்ணீர் இல்லாமல் காற்றால் குளிர்வது. பெரியப்பா 1976இல் மலைநாட்டுத் தோட்ட நிர்வாகி ஒருவரிடம் அதை வாங்கினார். வெள்ளைக்காரப் பயணிகளை நிலாவெளிக் கடற்கரைக்கு ஏற்றி இறக்கினார். 1983இல் போர் மூண்ட பிறகு அந்தத் தொழில் படுத்துவிட, கலியாணங்களுக்கும் கோயில்களுக்கும் நள்ளிரவுப் பிரசவங்களுக்கும் ஓடினார். 1998இல் அவருடைய கண்பார்வை குறைந்தபோது வானை நாவல் மரத்தின் கீழ் நிறுத்தினார். 2004 மார்கழியில் கடல் வளவுக்குள் வந்தபோது தண்ணீர் கதவின் அடிவிளிம்பு வரை நின்றது. அதன் பின்னர் யாரும் அதைத் திறக்கவில்லை.

நான் அதைத் தொட்டது 2021இல். அதற்கு முந்திய ஆண்டு பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால், பத்து வருடம் ஓடிய வான்கள்கூட எட்ட முடியாத விலைக்கு ஏறியிருந்தன. குடும்பத்தோடு நீண்ட தூரம் போகவும், விரும்பினால் ஓர் இரவு அதிலேயே தங்கவும் ஒரு வாகனம் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இருப்பதைத் திருத்தினால் மலிவாக முடியும் என்று மனைவியிடம் சொன்னேன். அது பொய்யாகிவிட்டது என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். முழுக் கணக்கையும் எழுதினால் வீட்டில் சண்டை வரும்.

முதலில் கிண்ணியாவைச் சேர்ந்த டிங்கர் வேலைக்காரர் ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். எல்லோரும் அவரை நானா என்றே அழைப்பார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் வானை இரண்டு முறை சுற்றி வந்தார், முன்னிருக்கைக்குக் கீழே விரித்திருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார், கையிலிருந்த திருப்புளியால் தரையை மெல்லத் தட்டினார். மூன்றாவது தட்டில் திருப்புளி பிடி வரை உள்ளே இறங்கிற்று. “இது வான் இல்ல தம்பி. கறள் கொட்டாம பெயின்ட்டுதான் புடிச்சிக்கிட்டு இருக்கு” என்றார்.

இந்த வகை வான்களில் கறள் எங்கே பிடிக்கும் என்பது எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: முன்சில்லு வளைவுகள், சாரதியின் காலடி, தள்ளுகதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, வானைத் தூக்க ஜக் வைக்கும் இடங்கள், எஞ்சின் அறையில் பற்றரி இருக்கும் தட்டு, கூரையைச் சுற்றி ஓடும் தண்ணீர்ப் பீலி. ஆனால் எங்கள் வானில் அதற்கு மேலும் ஓர் ஒழுங்கு இருந்தது. கண்ணுக்குத் தெரியும் வெளித்தகடுகள் வியப்பூட்டும் அளவுக்கு நன்றாக இருந்தன. அடிச்சட்டத்தின் மூடிய பெட்டிகளுக்குள் மட்டும் தவிடுபோல் உதிர்ந்தது. ஒரு பக்கத்தைக் கிரைண்டரால் வெட்டித் திறந்தபோது, கீழ்மூலையில் மணலும் கறளும் கலந்து இறுகிய பழுப்பு நிறக் கட்டி ஒன்று, செங்கல்லின் பாதியளவில், அப்படியே விழுந்தது. நானா அதில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். உப்புக் கரித்தது. அதில் எவ்வளவு 2004இன் கடல், எவ்வளவு பெரியப்பாவின் வெள்ளிக்கிழமைகள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் உதவியது ஒரே குறைதான்: அந்தப் பெட்டிகளின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று இருந்த சிறு துளைகள், யாரோ ஒரு காலத்தில் தாராளமாகப் பூசிய தாரால் அடைபட்டிருந்தன.

அடியில் தார் பூசினால் கறள் வராது என்று இங்கே பலர் இன்றும் நம்புகிறார்கள். சுத்தமான, ஈரமற்ற, பிரைமர் பூசிய தகட்டின் மேல் பூசினால் அது ஓரளவு காக்கும். ஏற்கெனவே உப்பு இறங்கிய தகட்டின் மேல் பூசினாலோ, உப்பையும் ஈரத்தையும் வெளியேறவிடாமல் உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழை குறைந்த பங்குனி, சித்திரையிலும் கறளின் வேலை நிற்பதில்லை.

ஆகவே நானா பழைய தாரைச் சுரண்டி எடுக்கவே மூன்று வாரங்கள் செலவிட்டார். பிறகு நல்ல தண்ணீரால், அதாவது கூரையிலிருந்து தாங்கியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரால், ஒவ்வொரு பெட்டியையும் அழுத்தத்துடன் பலமுறை கழுவி, வெயிலில் பல நாள் உலரவிட்டு, அதற்குப் பிறகே வெல்டிங்கைத் தொட்டார். கெட்டதன் மேல் புதுத் தகடு வைத்து ஒட்டுப்போடும் வழக்கத்துக்கு அவர் உடன்படவில்லை. கெட்டது முழுவதையும் வெட்டி, நல்ல இரும்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை போய், அங்கிருந்து 1.2 மில்லிமீற்றர் தகட்டில் புதிதாக வளைத்துப் பொருத்தினார். ஒரே இடத்தில் தொடர்ந்து ஒட்டினால் சூட்டில் தகடு நெளிந்துவிடும் என்பதால், இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, ஆறியதும் இடையில் ஒன்று என்று கோலம் போடுவதைப் போல ஒட்டிக்கொண்டு போனார். இடையிடையே வாகனத்தின் மறுபக்கத்துக்குப் போய்த் தள்ளுகதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். கதவு எங்காவது உரசினால் சட்டம் வளைகிறது என்று பொருள்; உடனே வேலையை நிறுத்திவிடுவார்.

வெல்டிங் நடக்க வேண்டிய மாதங்களில்தான் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. பங்குனி முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு. நள்ளிரவில் மின்சாரம் வந்தால் நானா எழுந்து வெல்டிங் செய்வார். அயலவர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு நான் கடமைப்பட்டவன். டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து இரண்டு மாதத்துக்குள் 360 ரூபாய் ஆனதால், வெளிநாட்டில் கட்டளையிட வைத்திருந்த ரப்பர்ச் சாமான்களின் பட்டியலைக் கிழித்துவிட்டுப் கொழும்பு பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகளில் ஏறி இறங்கினேன். ஆடியில் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது வானுக்கும் பதிவுசெய்தேன். வாரத்துக்கு 20 லீற்றர் ஒதுக்கீடு கிடைத்தது. அப்போது எஞ்சின் மேசையில் எட்டுத் துண்டுகளாகக் கிடந்தது. பெற்றோல் கிடைக்காத வாகனங்கள் நிறைந்த ஊரில், பெற்றோல் தேவைப்படாத ஒரே வான் எங்களுடையது என்று நண்பர்கள் சொல்லிச் சிரித்தார்கள். ஓடியிருந்தாலும் அந்த 20 லீற்றர், ஏறக்குறைய 85 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஹபரணைக்குப் போய்த் திரும்ப மட்டுமே காணும்.

எஞ்சினைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்பதால் சூட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் இந்த ஊரில், காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் கிடைப்பதே அடுப்பு வாயிலிலிருந்து வருவது போன்ற காற்று. இந்த எஞ்சினின் விசிறி டைனமோவின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரேயொரு பெல்ட் இரண்டையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்து, டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால், வேறெந்த வாகனத்திலும் போல அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கக்கூடாது. அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். 1971 மாதிரிக்கு முந்தியவற்றில் ஒயில் கூலர் விசிறிக் கூட்டுக்கு உள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் பாதையில் நிற்கும். அதனால் அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சுடும். பெரியப்பா ஒருமுறை கந்தளாய்க்கு அருகில் வால்வ் உடைந்து நடுவீதியில் நின்றதாகச் சொல்லுவார். எஞ்சினைத் திறந்தபோது மாற்றப்பட்ட வால்வ் எதுவென்று தெரிந்தது, மூன்றாம் சிலிண்டருடையதுதான். பின்னைய மாதிரிகளில் கம்பனியே செய்தபடி கூலரைக் கூட்டுக்கு வெளியே தனி உறையில் தள்ளி, அதற்கேற்ற அகலமான விசிறியையும் பொருத்தினோம்.

அதைவிட முக்கியமானது காசு செலவில்லாத ஒரு வேலை. எஞ்சினைச் சுற்றி ஒரு தகரச் சட்டமும், அதற்கும் உடலுக்கும் இடையிலான வெளியை மூடும் ஒரு ரப்பர்ப் பட்டியும் இருக்கும். மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று, இரண்டும் கலக்கக்கூடாது என்பதற்காகவே அவை. முப்பது வருடத்தில் கைமாறிய கராஜ்களில் யாரோ அந்தத் தகரங்களில் இரண்டை ‘வேண்டாத சாமான்’ என்று கழற்றி எறிந்திருந்தார்கள். தான் வெளியேற்றிய சூட்டையே எஞ்சின் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது. பழைய படங்களைப் பார்த்து நானா அந்தத் தகரங்களை வெட்டிக் கொடுத்தார்.

நவீன வசதிகளில் முதலாவதாக நாங்கள் செய்தது, பழைய வசதி ஒன்றைக் கழற்றியதுதான். ஜேர்மன் குளிருக்காக வடிவமைத்த வான் என்பதால், புகைக்குழாயைச் சுற்றிய உறைகள் வழியாகக் காற்றைச் சூடாக்கி, நடுவிலுள்ள குழாயினூடாகச் சாரதியின் காலடிக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அதில் இருந்தது. அதை மூடும் கதவுகள் துருப்பிடித்துப் பாதி திறந்தபடி நின்றுவிட்டன. இருபது வருடமாகத் திருகோணமலை வெயிலில் பெரியப்பாவின் பயணிகள் ஹீற்றர் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்! அந்த உறைகள் ஓட்டையானால் புகையே உள்ளே வரும் என்பது வேறு ஆபத்து. அவற்றை அகற்றி வெறும் வளைகுழாய்களைப் பொருத்தி, விசிறிக் கூட்டில் ஹீற்றருக்கென்று இருந்த இரண்டு வாய்களையும் மூடினோம். மூடாமல் விட்டால் சிலிண்டர்களுக்குப் போகவேண்டிய காற்று அவற்றின் வழியாக வீணாகும்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1970 ஓகஸ்டுக்கு முன்னர் வந்தவற்றில் நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிரேக்தான். முன்சில்லுகளுக்கு டிஸ்க் மாற்றும்போது ஒரு சிக்கல் காத்திருந்தது: டிஸ்க் வந்த அதே காலத்தில் கம்பனி சில்லு ஆணிகளின் வட்டத்தையும் 205 மில்லிமீற்றரிலிருந்து 112 ஆகச் சுருக்கிவிட்டது. பின்னைய மாதிரியின் சாமானை அப்படியே போட்டால் முன்னுக்கு ஒரு சில்லு, பின்னுக்கு இன்னொரு சில்லு, மேலதிகச் சில்லு எந்தப் பக்கத்துக்கு என்ற கேள்வி. பழைய வட்டத்துக்கே துளையிட்ட டிஸ்க் தேடிப் பிடிப்பதற்கு ஐந்து மாதங்கள் ஆயின. அதுவரை வானை வளவுக்கு வெளியே கொண்டுபோகவில்லை. படுக்கையும் குளிர்சாதனப் பெட்டியும் வைத்துப் பாரத்தைக் கூட்டப்போகிறவர் முதலில் நிறுத்தும் வழியைப் பார்க்க வேண்டும் என்பதில் நானாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே வரவில்லை. அந்த மாதங்களில் பெற்றோல் குழாய்கள் அனைத்தையும் புதிதாக மாற்றினோம். இந்த வகை வான்கள் தீப்பிடித்து அழிவதற்கு வழக்கமான காரணம், வெடித்த பழைய ரப்பர்க் குழாயிலிருந்து சூடான எஞ்சின் மேல் சொட்டும் பெற்றோல்தான்.

இனி மின்சாரம். பழைய டைனமோ முப்பது நாற்பது அம்பியருக்கு மேல் ஏறாது. எஞ்சின் சும்மா ஓடும்போது ஏறக்குறைய எதுவுமே தராது. அதனால் 55 அம்பியர் ஓல்டர்னேற்றர் ஒன்றைப் பொருத்தினோம். அதைப் பூட்டும் பீடமும் விசிறியின் பின்தகடும் வேறு என்பதால் அவையும் மாறின. வானின் பழைய பற்றரி எஞ்சின் அறையிலேயே இருக்கிறது, அதை ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் விட்டோம். வசதிகளுக்கென்று தனியாக 100 அம்பியர்-மணி லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி, எஞ்சின் சூட்டிலிருந்து விலகி, பின்னிருக்கைக்குக் கீழே. இரண்டுக்கும் இடையில், ஓட்டத்தில் மட்டும் புதிய பற்றரிக்கு அளவோடு ஏற்றும் ஒரு சார்ஜர். கூரையில் 100 வாற்று சூரியப் பலகைகள் இரண்டு.

வயர் வேலையைக் கொட்பேயில் படகு எஞ்சின் திருத்தும் என் மச்சான் செய்தான். வாகன வயரை அவன் தொடவே மறுத்தான். சாதாரணச் செப்புக் கம்பி எங்கள் கடற்காற்றில் உறைக்குள்ளேயே பச்சையாகிக் கறுத்து, சில வருடத்தில் மின்சாரம் போகும் வழியை அடைத்துவிடும். படகுகளுக்குப் பயன்படுத்துவது வெள்ளீயம் பூசிய கம்பி. ஒவ்வொரு முனையையும் நசுக்கி இறுக்கி, அதன் மேல் பசையுள்ள குழாயைச் சூடாக்கிச் சுருக்கி, பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பெரிய பியூஸ் வைத்து, பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பியூஸ் வைத்தான். “கடலில வயர் பத்தினா குதிக்கலாம். வான்ல பிள்ளைகள் நித்திரை” என்பது அவன் சொன்ன காரணம்.

அந்தப் பற்றரியில் நான் ஏமாந்தேன். கொழும்பிலுள்ள ஒரு கடையில் 100 அம்பியர்-மணி என்று எழுதியதை நம்பி வாங்கினேன். 12.8 வோல்ட்டில் அது 1,280 வாற்று-மணி இருக்க வேண்டும். மச்சான் அதை முழுதாக ஏற்றி, 55 வாற்று முன்விளக்குக் குமிழ்கள் இரண்டைப் பூட்டி, இரவு எட்டு மணிக்குப் போட்டான். பதினொன்றரை மணிநேரம், அதாவது காலை ஏழரை வரை எரிய வேண்டும். நானும் அவனும் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். மூன்று மணிக்குக் கண்விழித்தபோது வளவு இருண்டு கிடந்தது. மிஞ்சினால் ஏழு மணிநேரம், கணக்குப் பார்த்தால் 60 அம்பியர்-மணி. இரண்டு மாதத் தொலைபேசிச் சண்டைக்குப் பிறகு வேறொன்று தந்தார்கள், அதுவும் அதே குமிழ்களின் முன்னால் பரீட்சை எழுதிய பிறகே வானுக்குள் போனது. பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை நம்பாமல் இப்படி ஓர் இரவு செலவழிக்கும்படி எல்லோருக்கும் சொல்லுவேன்.

ஏசி போடும்படி சொல்லாதவர் இல்லை. திருகோணமலையில் ஏசி இல்லாத வான் என்ன வசதி என்பது நியாயமான கேள்விதான். நானும் கணக்குப் பார்த்தேன். எஞ்சினால் சுழலும் ஏசி 47 குதிரைகளில் மூன்று நான்கைப் பிடித்துக்கொள்ளும். வேகம் குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்காக எஞ்சின் கூடுதலாகச் சுடுவதை இந்த ஊரில் பொறுத்துக்கொள்ள முடியாது. முன்னுக்கு ரேடியேற்றரே இல்லாத வாகனத்தில் ஏசியின் சூட்டை வெளியேற்றும் தகட்டை அடியில் தூசிக்குள்தான் கட்ட வேண்டும். பற்றரியில் ஓடும் கூரை ஏசியோ 700 வாற்று அளவில் இழுக்கும். எங்கள் முழுப் பற்றரியும் இரண்டு மணிநேரம் தாங்காது. தண்ணீரால் குளிரும் யப்பான் எஞ்சினை மாற்றிவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். செய்யலாம், பிறரும் செய்கிறார்கள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பின்பக்கத்து டபடப ஓசை இல்லாத கொம்பியை ஓட்டுவதற்கு நான் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

ஏசி வேண்டாம் என்று முடிவான பிறகு, சூடு உள்ளே வருவதைக் குறைப்பதும் வந்ததை வெளியேற்றுவதும் என்று இரண்டே வேலைகள் மிஞ்சின. கூரைக்கு வெள்ளை நிறம் ஏற்கெனவே இருந்தது. சூரியப் பலகைகளைக் கூரையோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டுப் பொருத்தியதில், அவை மின்சாரத்தோடு நிழலும் தருகின்றன; நண்பகலில் பலகைக்குக் கீழே உள்ள தகட்டில் கை வைக்கலாம், திறந்த பகுதியில் வைக்க முடியாது. கூரைக்கும் உட்பலகைக்கும் இடையில் கண்ணாடிப் பஞ்சு வைக்கும்படி கடைக்காரர் வற்புறுத்தினார். அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். உப்புக் காற்றுள்ள ஊரில் அதைத் தகட்டோடு சேர்த்து வைப்பது, நானா மூன்று வாரம் சுரண்டியதைத் திரும்பப் பூசுவதற்குச் சமம். தண்ணீர் புகாத மூடிய துளைகளுள்ள நுரைத்தகட்டை ஒட்டினோம்.

எனக்குப் பிடித்த பகுதி யன்னல்கள்தான். நடுப்பகுதிக் கண்ணாடிகள் திறக்க முடியாதவை. முகாம் வாகனமாகச் செய்யப்பட்ட கொம்பிகள் சிலவற்றில் கண்ணாடி இலைகளை அடுக்கிய லூவர் யன்னல்கள் இருக்கும் என்று படத்தில் கண்டபோது, அது எங்கள் பழைய வீடுகளின் குளியலறை யன்னல் அல்லவா என்று தோன்றிற்று. ஓர்ஸ் ஹில் பக்கம் இடித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில் அலுமினியச் சட்டங்கள் நான்கு வாங்கினேன். தச்சர் ஒருவர் அவற்றை அளவுக்கு வெட்டி, தேக்கு விளிம்பு கட்டி, வானின் பழைய ரப்பர்ப் பட்டிக்குள்ளேயே உட்காரும்படி செய்தார். வீட்டுக் கண்ணாடியை வாகனத்தில் வைக்கக்கூடாது என்பதால் இலைகளை மட்டும் அக்ரிலிக்கில் வெட்டினோம். முதல் ஓட்டத்தில் இருபது இலைகளும் சேர்ந்து ஆடி, கோயில் மணிபோல் ஒலித்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் மெல்லிய ரப்பர் ஒட்டியதும் அடங்கின. மழை பெய்தாலும் பாதி திறந்து வைக்கலாம் என்பது வேறெந்த யன்னலிலும் கிடைக்காத வசதி. கூரையில் ஒரு 20 வாற்று விசிறி காற்றை வெளியே இழுக்கிறது; லூவர் வழியாகக் கடற்காற்று அந்த இடத்துக்கு வருகிறது. பழைய கண்ணாடிகள் சாக்கில் சுற்றி அலுமாரிக்கு மேல் இருக்கின்றன, யாராவது பின்னாளில் திரும்பப் பொருத்த விரும்பினால்.

மற்றவை சின்னச் சின்னவை. 45 வாற்றில் ஓடும் சிறிய குளிர்சாதனப் பெட்டி ஒன்று. அது இடைவிட்டு ஓடுவதால் ஒரு நாளைக்கு 430 வாற்று-மணி அளவில் எடுக்கும், விசிறியும் எல்ஈடி விளக்குகளும் இன்னொரு இருநூறு, நல்ல வெயில் நாளில் கூரைப் பலகைகள் எழுநூறு தரும். ஆக, வாடைக்கால முகில் மூட்டத்தைத் தவிரப் பற்றரியைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. மடித்தால் இருக்கை, விரித்தால் படுக்கை; றெக்சின் வெயிலில் சுடும், வியர்க்கும் என்பதால் மருதமுனைக் கைத்தறித் துணியில் உறை தைத்தோம். முன்னிருக்கைகளுக்குப் பட்டி. முப்பது லீற்றர் நல்ல தண்ணீர்க் கான், ஒரு சிறு பம்பி. சமையல் வானுக்கு வெளியே. திரையோ பின்புறக் கமராவோ இல்லை. தகட்டால் செய்த பழைய டாஷ்போட்டில் புதிதாக இருப்பது ஒயில் சூடு காட்டும் ஒரு சிறு மானி மட்டும், நான் வீதியைவிட அதிகமாகப் பார்ப்பது அதைத்தான் என்று மகள் முறையிடுகிறாள்.

புகைப் பரிசோதனையில் இரண்டாம் முறை தேறியது. முதல் முறை காபரேட்டரில் பெற்றோல் சற்றுக் கூடுதலாகக் கலக்கும்படி வைத்தது என் பிழை.

முதல் பயணம் தூரமில்லை. பெரியம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. பெரியப்பா போன பிறகு அவர் அந்த வானில் ஏறியதே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவரை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு, பிரட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து, குறுக்கே நின்ற மான்களுக்காக இரண்டு முறை நிறுத்தி, கோணேசர் கோயிலை நோக்கி ஏறினோம். டிஸ்க்கைப் பற்றியோ பற்றரியைப் பற்றியோ அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஏற்றத்தின் நடுவில் அவர் குனிந்து தம் பாதங்களைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்துப் பார்த்தார்.

“என்ன மகன், கால் சுடேல்லையே. எஞ்சின் ஓடுதா?”

ஓடுகிறது என்று சொன்னேன். திரும்பி வந்ததும் அவர் பெரியப்பாவைப் போல வானைக் கழுவ வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நான் ஓடிப்போய் வாளியை வாங்கி, மழைத் தண்ணீர்த் தாங்கியின் குழாயில் பிடித்துக் கொடுத்தேன்.